விழுப்புரம் பேருந்தில் ஒரு வெள்ளைமீன்

திண்டிவனம் மேம்பாலத்தில் பேருந்து ஏறி இறங்குவதற்குள் இனியவனின் கைபேசி அடித்தது. திரையில் ஜெசிந்தாவின் படம். வீடியோ அழைப்பு.

அவனுக்கு முதலில் பயம்தான் வந்தது. இங்கே இருட்டி விளக்குப் போட்டாயிற்று என்றால் கனடாவில் அப்போதுதான் விடிந்திருக்கும். அதுவும் சனிக்கிழமை, மனைவிக்கு விடுமுறை. விடுமுறை நாளில் மதியம்வரை போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டாதவள் இந்த நேரத்தில் ஏன் கூப்பிடுகிறாள்?

ஜெசிந்தா அங்கே ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்தில் நர்ஸ். போன புதிதில் பனியைப் பார்த்துக் குதித்தாள். பால்கனிக் கம்பியில் படிந்ததை வழித்து உருட்டிப் படம் எடுத்து அனுப்பினாள். இந்த இரண்டாவது குளிர்காலம் அவளை என்னவோ செய்துவிட்டது. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு என்று புலம்பினாள். பிறகு புலம்புவதையும் நிறுத்திவிட்டாள். "சாப்டியா ஜெசி?" என்றால் "ம்." "தூங்கினியா?" என்றால் அதற்கும் "ம்." போன வாரம் திடீரென்று, "நான் வந்துடட்டுமாங்க?" என்று கேட்டாள். யோசிக்காமல் "வந்துடு" என்றான். அதற்கு அவள் வேலைக்கு நேரமாகிறது என்று அழைப்பைத் துண்டித்துவிட்டாள். தான் சொன்னது சரியா தப்பா என்று அன்றிலிருந்து இனியவனுக்குத் தெரியவில்லை. அவன் அங்கே போய்ச் சேர்வதற்கான விசாவும் வந்தபாடில்லை. திண்டிவனத்தில் பம்பு செட்டுக் கடையில் வேலை, விழுப்புரத்தில் வாடகை வீடு, நடுவில் தினமும் இந்தப் பேருந்து.

பொத்தானை அழுத்தினான்.

"ஏங்க! நான் எங்க நிக்கிறேன், சொல்லுங்க பாப்போம்!"

இயர்போனைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான். அவள் போட்ட கூச்சல் பாதிப் பேருந்துக்குக் கேட்டது. காதை மூடிய தொப்பி, சிவந்துபோன மூக்கு, வாயிலிருந்து புகை புகையாக மூச்சு. ஆனால் அந்தக் குரல்! அதை அவன் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது.

"எங்க ஜெசி? கிரவுண்டா?"

"கிரவுண்டா? ஏரிங்க! ஏரிக்கு நடுவுல நிக்கிறேன். எனக்குக் கீழ எண்பதடி தண்ணி!"

இனியவன் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டான். "ஏய்! மொதல்ல கரைக்கு வா!"

அவள் சிரித்துக்கொண்டே கைபேசியைச் சுற்றிக் காட்டினாள். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. உப்பளம் மாதிரி வெள்ளை. தூரத்தில் பெட்டிக்கடை அளவில் மரக் குடிசைகள் நாலைந்து. அவற்றுக்கு நடுவே ஒரு வண்டி ஊர்ந்து போனது.

"யம்மா! தண்ணி மேல வண்டியே போவுது!" என்றது பக்கத்துக் குரல்.

பக்கத்து இருக்கையில் தையல்நாயகி. மரக்காணத்தில் கருவாடு வாங்கித் திண்டிவனம் சந்தையில் விற்றுவிட்டு விழுப்புரம் திரும்புகிறவள். காலடியில் காலிக் கூடை. அவள் எப்போதிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை.

"எம் பொண்டாட்டிங்க" என்றான் இனியவன். "கனடாவுல இருக்கா."

"அது கெடக்கட்டும் தம்பி. ஏரி மேல இன்னா வேலை அந்தப் பொண்ணுக்கு?"

கேள்வி ஜெசிந்தாவுக்கே கேட்டுவிட்டது. "மீன் புடிக்க வந்தேன்க்கா!" என்றாள்.

கூட வேலை பார்க்கும் டோனா என்ற அந்த ஊர்க்காரி, இவள் இரண்டு மாதமாக அறையிலேயே சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் வந்து கதவைத் தட்டி, அவளே ஒரு தடித்த கோட்டை மாட்டிவிட்டு இழுத்து வந்திருக்கிறாள். ஜெசிந்தா இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே ஒரு குடிசைக்குள் நுழைந்தாள். உள்ளே ஒரு கேஸ் அடுப்பு, ஒரு பெஞ்சு, தரைப் பலகையில் ஒரு சதுரத் திறப்பு. திறப்புக்குக் கீழே பனிக்கட்டியில் குடம் நுழையும் அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை. அதில் தண்ணீர் கறுப்பாகத் தளும்பியது.

"மெஷின் வெச்சி கடகடன்னு தொளைச்சாங்க. நானும் ஒண்ணு போட்டேன்! இங்க வெள்ளைமீனுதான் கெடைக்குமாம். பேரே வெள்ளைமீனுதான்."

டோனா கைபேசியை வாங்கிக்கொண்டாள். இப்போது ஜெசிந்தா முழுதாகத் தெரிந்தாள். பொம்மை மாதிரி ஒரு சின்னத் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு ஓட்டையோரம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சார், ஸ்பீக்கர்ல வெக்கக் கூடாது. மத்தவங்களுக்குத் தொந்தரவு." டிக்கெட் போட்டுக்கொண்டே வந்த நடத்துநர் ஆனந்தராஜ் கறாராகச் சொன்னார்.

"யாருக்குய்யா தொந்தரவு?" என்று தையல்நாயகி திரும்பினாள். "ஐசுல ஓட்டை போட்டு மீனு புடிக்குது அந்தப் பொண்ணு. நீ பாத்திருக்கியா?"

"ஐசுலயா?" ஆனந்தராஜ் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

முன்னிருக்கைக் கல்லூரிப் பெண் பானுப்ரியா முழங்காலிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். பின்னாலிருந்து இரண்டு தலைகள் நீண்டன. இனியவனுக்குக் கூச்சமாக இருந்தாலும் கைபேசியைக் கொஞ்சம் உயர்த்தியே பிடித்தான்.

"வீடூர் டேமு அவ்ளோ இருக்குமா அந்த ஏரி?" என்று யாரோ கேட்டார்கள்.

"பத்து வீடூர் டேமு!" என்றாள் ஜெசிந்தா.

பக்கத்தில் ஒரு சின்னக் கருவியின் திரை. அடியில் மீன் வந்தால் அதில் ஒரு சிவப்புக் கோடு தெரியுமாம். ஜெசிந்தா தூண்டிலை லேசாகத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தாள். கூட்டேரிப்பட்டு நெருங்கிக்கொண்டிருந்தபோது, "வருது! கோடு வருது!" என்று கத்தினாள். அடுத்த நொடி தூண்டிலின் நுனி வில்லாக வளைந்தது.

"மாட்டிக்கிச்சு! ஏங்க, மாட்டிக்கிச்சுங்க!"

பேருந்தில் ஒரே கூச்சல். ஓட்டுநர் வல்லரசு கண்ணாடியில் பார்த்துவிட்டு, "யோவ், பின்னாடி இன்னாய்யா கலாட்டா?" என்றார்.

"மீனு மாட்டிக்கிச்சுண்ணே! நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க, நான் சொல்லிக்கினே வர்றேன்!" என்றார் ஆனந்தராஜ். "சுத்துறாங்க... சுத்துறாங்க... கனமா இருக்குதாம்... கீழ இழுக்குதாம்..."

டோனா ஆங்கிலத்தில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தச் சத்தத்தில் இனியவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கறுப்புத் தண்ணீருக்குள் பளீரென்று ஒரு வெள்ளை புரண்டது. தையல்நாயகிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கைபேசிக்குள் தலையே நுழைந்துவிடும் போலக் குனிந்து, "ஒரே இழுவையா இழும்மா!" என்று அலறினாள்.

ஜெசிந்தா ஒரே இழுவையாக இழுத்தாள்.

தூண்டில் முள் வெறுமனே எகிறி வந்து குடிசைக் கூரையில் அடித்தது. ஓட்டையில் ஒரு குமிழி எழும்பியது. அவ்வளவுதான்.

"ஐயோ!" என்றது மொத்தப் பேருந்தும்.

"போச்சாய்யா?" என்று கேட்டுக்கொண்டே வல்லரசு கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டினார். ஏறியவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. எல்லோரும் தையல்நாயகியை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கூட இருக்கற அந்த ஊரு அம்மா ஸ்லோ, ஸ்லோன்னு சொல்லிக்கினே இருந்தாங்க" என்றாள் பானுப்ரியா. "இந்த மீனுக்கு வாயி ரொம்ப மெல்லிசாம். வெடுக்குன்னு இழுத்தா கிழிஞ்சி முள்ளு கழண்டுக்குமாம்."

"அத்த எங்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" தையல்நாயகியின் முகம் சுண்டிவிட்டது.

திரையில் ஜெசிந்தா தூண்டிலைப் பெஞ்சில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தோள்கள் தொங்கிவிட்டன. "அவ்ளோதாங்க. எனக்கு எது சரியா வந்திருக்குது?" என்றாள். அந்தப் பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. இனியவன் வாயைத் திறப்பதற்குள் தையல்நாயகி முந்திக்கொண்டாள்.

"யம்மாடி, தப்பு எம் மேல. நீ எழுந்திரு. ஒரு மீனுக்கு எண்பதடி ஏரியா? அதுல இன்னும் எவ்ளோவோ கெடக்கும். முள்ளை உடும்மா தண்ணியில!"

"உடுங்கக்கா!" என்றாள் பானுப்ரியா.

"விழுப்புரம் போறதுக்குள்ள ஒண்ணு எடுத்தாவணும் மேடம்" என்றார் ஆனந்தராஜ்.

ஜெசிந்தா நிமிர்ந்தாள். "ஏங்க, யாருங்க இவ்ளோ பேரு?"

"பஸ்ஸு ஜெசி. பஸ்ஸே பாத்துக்கினு இருக்குது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்கமா சிரிப்பா என்று தெரியவில்லை. ஆனால் தூண்டிலை எடுத்தாள். டோனா முள்ளில் புது இரை மாட்டிக் கொடுத்தாள். நூல் ஓட்டைக்குள் இறங்கிக்கொண்டே போனது.

ஆனந்தராஜ் விசிலை ஊதினார். "இதோ பாருங்க, இந்தத் தடவ மூச்சு சத்தம் கூட வரக் கூடாது. யாரும் யோசனை சொல்லக் கூடாது. யக்கா, முக்கியமா நீங்க."

தையல்நாயகி முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டாள்.

மயிலம் சாலைப் பிரிவைத் தாண்டியாயிற்று. பேருந்துக்குள் என்ஜின் ஓசை மட்டும். அந்தப் பக்கத்தில் கேஸ் அடுப்பின் சீறல் மட்டும். கருவியின் திரையில் அடிமட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு தோன்றியது, மறைந்தது, மறுபடி தோன்றியது. கோடு தடித்தது. ஜெசிந்தா கண்ணிமைக்காமல் அதையே பார்த்தாள். ஒரு துளி அசைத்தாள். நிறுத்தினாள்.

தூண்டில் வளைந்தது.

யாரும் கத்தவில்லை. ஆனந்தராஜ் ஓட்டுநருக்குக் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். ஜெசிந்தா சுற்றினாள். மீன் இழுத்தபோது விட்டுக்கொடுத்தாள், ஓய்ந்தபோது சுற்றினாள். அவள் உதடுகள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தன. இனியவனுக்கு அது தெரியும். மாதா ஜெபம். தேர்வுக்கு முந்தைய நாளும், விமானம் ஏறுவதற்கு முன்னும் அப்படித்தான் முணுமுணுத்தாள்.

மீன் ஓட்டைக்கு அடியில் வந்துவிட்டது. பெரியது. முதல் மீனைவிடப் பெரியது. ஆனால் ஓட்டைக்குள் தலை திரும்பவில்லை. குறுக்காகக் கிடந்து, வாலால் பனிக்கட்டியின் அடிப்பக்கத்தை அடித்தது. நூல் ஓட்டையின் விளிம்பில் உரசுவது இங்கிருந்தே தெரிந்தது. டோனா, "வெயிட், வெயிட்!" என்று சொல்லிக்கொண்டே கைபேசியைக் கதவோரம் எதன் மேலோ வைத்துவிட்டு ஓடினாள். திரையில் இப்போது கூரைப் பலகையும் திறந்த கதவின் வெளிச்சமும்தான் தெரிந்தன.

ஏதோ உருளும் சத்தம். சளக்கென்று தண்ணீர்ச் சத்தம். பிறகு ஜெசிந்தாவின் அலறல், பெரிய அலறல்.

திரை அணைந்துவிட்டது.

"ஜெசி! ஜெசி!"

இனியவன் திரும்பக் கூப்பிட்டான். மணி அடிக்கவே இல்லை. மறுபடியும் கூப்பிட்டான். இல்லை.

"டவரு இல்லையோ?" என்றார் ஒருவர்.

"நம்ம டவரு ஃபுல்லா இருக்குது" என்றாள் பானுப்ரியா, தன் கைபேசியைப் பார்த்து.

பின்னாலிருந்து ஒரு ஆள் மெதுவாகச் சொன்னார். "ஐசு கிய்சு உடைஞ்சிடுச்சா?"

"வாயை மூடுய்யா!" என்றார் ஆனந்தராஜ்.

ஆனால் அந்த வார்த்தை விழுந்துவிட்டது. இனியவன் முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். எண்பதடி தண்ணீர். அவளுக்கு நீச்சல் தெரியாது. அந்தத் தண்ணீரில் நீச்சல் தெரிந்தும் என்ன செய்ய? போன வாரமே பிடிவாதமாக டிக்கெட் போட்டு வரவழைத்திருக்கலாம். முதியோர் இல்லத்துக்குக் கூப்பிடலாமா? கூப்பிட்டு என்ன கேட்பது? டோனாவின் எண் அவனிடம் இல்லை. ஜெசிந்தாவின் எண்ணையே மறுபடி மறுபடி அழுத்தினான்.

"திருவாமாத்தூரு ஈஸ்வரா" என்று தையல்நாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு அவன் முதுகில் கை வைத்தாள். "ஒண்ணும் ஆயிருக்காது தம்பி. கூட ஆளு இருக்குது. ஒண்ணும் ஆயிருக்காது."

பேருந்து விக்கிரவாண்டியில் நின்றது.

"விக்கிரவாண்டி எறங்குறவங்க எறங்குங்க!" என்றார் ஆனந்தராஜ். ஒருவரும் அசையவில்லை. "யோவ், நாலு டிக்கெட் விக்கிரவாண்டி குடுத்திருக்கேன்."

"எறங்கறோம் எறங்கறோம். மொதல்ல அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சுன்னு தெரியட்டும்" என்றார் மஞ்சப் பையை மடியில் வைத்திருந்த பெரியவர்.

அப்போதுதான் அடித்தது. ஜெசிந்தாவின் எண் இல்லை. வேறு ஏதோ எண்.

"தெரியாத வெளிநாட்டு நம்பரு, எடுக்காதீங்க சார்" என்றார் ஐசு உடைந்துவிட்டதா என்று கேட்ட அதே ஆள். "ஏமாத்துறவனுங்க."

"சும்மா இருய்யா! சார், ஜல்தி எடுங்க!" மொத்தப் பேருந்தும் கத்தியது.

எடுத்தான்.

திரை முழுக்க ஒரு மீனின் முகம். வெள்ளி நிறம், சின்ன வாய், வட்டக் கண். அது மெல்ல விலகியது. பின்னால் ஜெசிந்தா. தொப்பியைக் காணவில்லை. தலைமுடி கலைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. வலது கை தோள்வரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. ஆனால் அந்தப் பற்கள் அத்தனையும் தெரியும்படி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"புடிச்சிட்டேங்க! கையாலயே புடிச்சிட்டேன்!"

பேருந்தே ஆரவாரத்தில் அதிர்ந்தது. யாரோ விசிலடித்தார்கள். யாரோ கூரையைத் தட்டினார்கள். வல்லரசு திரும்பி, "வந்துட்டாங்களா? மீனா ஆளா?" என்று கேட்டார். "ரெண்டும்ணே! ரெண்டும்!" என்றார் ஆனந்தராஜ். வல்லரசு ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. விக்கிரவாண்டிக் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

இனியவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஃபோனு... ஏன் ஃபோனு..." என்று மட்டும் கேட்டான்.

"குளிருலங்க. சார்ஜு நாப்பது காட்டிச்சு, பொசுக்குன்னு ஆஃப் ஆயிடுச்சு. இது டோனா ஃபோனு. அவ கொக்கி எடுக்க ஓடினா. அதுக்குள்ள நூலு பட்டுன்னு அந்துடுச்சுங்க! என் கண்ணு முன்னாடி! மீனு அப்பிடியே நழுவுது. எனக்கு இன்னா தோணுச்சுன்னே தெரியல. கையை உள்ள உட்டுட்டேன். தோள் வரைக்கும்! சில்லுன்னு இல்லங்க, நெருப்பு மாதிரி இருந்துச்சு. செவுளுல வெரலு மாட்டுச்சு. ஒரே இழுவையா இழுத்து அப்பிடியே மல்லாக்க விழுந்தேன். மீனு என் நெஞ்சு மேல குதிக்குது!"

"ஒரே இழுவையா இழுத்தியா?" தையல்நாயகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாத்துக்கோங்கய்யா எல்லாரும்!"

"அக்கா, நீங்கதானே அப்ப கத்தினது?" என்றாள் ஜெசிந்தா.

"நான்தாம்மா. மொத மீனை உட்டதும் நான்தான். மன்னிச்சுக்கோ."

ஜெசிந்தா சிரித்தாள். குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மீனைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். டோனாவுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவளும் சேர்ந்து சிரித்தாள். அவள் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து ஜெசிந்தாவைச் சுற்றி, நனைந்த கையை அடுப்புப் பக்கம் திருப்பிவிட்டாள்.

விக்கிரவாண்டியில் இறங்க வேண்டியவர்கள் மனசில்லாமல் இறங்கினார்கள். மீதி வழியெல்லாம் அந்த மீனை என்ன செய்வது என்பதுதான் பேச்சு. பார்க்க மடவை மாதிரி இருக்கிறது, புளி கரைத்துக் குழம்பு வைக்க வேண்டும் என்றாள் தையல்நாயகி. சதை மெல்லிசாக இருந்தால் குழம்பில் கரைந்துவிடும், வறுவல்தான் சரி என்றார் ஆனந்தராஜ். அங்கே மிளகாய்த்தூள் கிடைக்குமா என்ற பெருங்கவலை ஒருவருக்கு. "கெடைக்கும்ங்க, எல்லாம் வெச்சிருக்கேன்" என்று ஜெசிந்தா ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் ஒரே சமயத்தில் இவ்வளவு பேருடன் பேசி எத்தனை நாளாயிற்று என்று இனியவன் நினைத்துக்கொண்டான்.

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் வண்டி நின்றதும் வல்லரசு கதவைத் திறந்துகொண்டு குதித்து, சுற்றி ஓடி வந்தார். "எனக்குக் காட்டு, எனக்குக் காட்டு. வழியெல்லாம் காதுலயே கேட்டுக்கினு வந்தேன்." ஜெசிந்தா மீனை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "நல்லா இருக்குதும்மா. கையைச் சூடு காட்டு, போதும், கீழ வை" என்றார்.

எல்லோரும் கலைந்து போன பிறகு இனியவன் ஒரு தூணோரம் நின்றான். கைபேசியை முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டான்.

"கை வலிக்குதா?"

"இப்பதான் உணர்ச்சி வருது. ஊசி குத்துற மாதிரி குத்துது. நல்லாத்தான் இருக்குது."

"நான் பயந்தே போயிட்டேன் ஜெசி."

"தெரியும். உங்க மூஞ்சைப் பாத்தேன்." "விசா வந்தா நீங்களும் வரணும் இங்க. நான் ஓட்டை போட்டுத் தர்றேன்."

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் டோனா கூப்பிட்டாள். ஓட்டையில் பனி மூடிக்கொண்டு வருகிறதாம், அள்ளிப் போட வேண்டுமாம். "இருங்க, வந்துட்டேன்!" என்று தமிழிலேயே அவளுக்குக் குரல் கொடுத்துவிட்டு ஜெசிந்தா எழுந்து போனாள்.

அன்று அவர்களுக்கு வேறு மீன் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் படம் வந்தது: இரும்புச் சட்டியில் சிவக்க வறுத்த துண்டுகள், எதிரே டோனாவின் குடும்பம், காரத்தில் சிவந்த அவர்கள் முகங்கள், தண்ணீர் டம்ளர்கள். குழம்பும் கொஞ்சம் வைத்துப் பார்த்தாளாம். கரைந்துவிட்டதாம்.

அடுத்த சனிக்கிழமை இனியவன் திண்டிவனத்தில் பேருந்து ஏறியபோது ஆனந்தராஜ் டிக்கெட் கிழிக்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், இன்னிக்கி மேடம் ஏரிக்குப் போறாங்களா?"

"போயிட்டாங்க சார். ஓட்டை போட்டுக்கினு இருக்காங்க."

ஆனந்தராஜ் முன்பக்கம் திரும்பி விசிலை ஊதினார். "அண்ணே, கெளப்புங்க!"